மலைநாட்டவரும் மலேரியா மாத்திரையும்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர் குளிரை அறிவார், மூடுபனியை அறிவார், அட்டைக் கடியையும் அறிவார். மலேரியாக் காய்ச்சலை மட்டும் அவர் அறியார். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு நிலவும் குளிரில், மலேரியாக் கிருமி நுளம்பின் உடலுக்குள் வளர்ந்து முதிர்வதற்கு வேண்டிய வெப்பம் கிடைப்பதில்லை. கிருமி முதிருமுன்னரே நுளம்பின் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய உயர்ந்த இடங்களிலுள்ள தோட்டங்களும் இக்காரணத்தாலேயே இந்நோயின் கொடுமைக்குப் பெரும்பாலும் தப்பியிருந்தன. இஃது இயற்கை அளித்த கொடை. ஆயினும் மலைநாட்டவர் பிறநாடு செல்லும்போது இக்கொடையே அவர்களுக்குப் பகையாகவும் மாறக்கூடும். அஃது எவ்வாறு என்பதையும், அதற்கு மாற்று யாது என்பதையும் அறிந்திருத்தல் இன்று அவசியமாகியுள்ளது.

இன்று லயங்களில் வாழ்வோரின் முன்னோர் இக்காய்ச்சலை நன்கு அறிந்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்டபோது, தமிழகத்து ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரையில் காட்டு வழியே கால்நடையாக வந்தனர். தேங்கிய நீரும் அடர்ந்த காடும் நிறைந்த வறண்ட பிரதேசம் அது. வாந்திபேதியும் அம்மையும் காட்டுக் காய்ச்சலும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. துணை வந்தவர்கள் விழுந்தவரை வழியோரத்தில் புதைத்துவிட்டு நடந்தனர். மலையேறி வந்து சேர்ந்தவர்கள் அவ்வழியிலே மாளாது எஞ்சியவர்கள். அந்நாளில் நோய்க்குத் தடை மருந்து வாங்கிச் செல்ல அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

அடுத்த பெருந்துன்பம் 1934ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் குன்றி, மணலிடையே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றன. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளிலே காய்ச்சல் காட்டுத் தீயாய்ப் பரவியது. 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. இதில் ஆராய்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மலேரியா ஆண்டு முழுவதும் குடிகொண்டிருந்த வறண்ட பிரதேசத்தைவிட, அதனை அதிகம் அறியாத இப்பகுதிகளிலேயே சேதம் மிகுதியாயிற்று. வறுமையும் பட்டினியும் அதற்குத் துணைபோயின என்பது உண்மையே. எனினும் முக்கியமான காரணம், அம்மக்களின் குருதியில் இந்நோயை எதிர்க்கும் பழக்கம் இல்லாமற் போனதுதான். அறியாத நோய் அறிந்த நோயினும் கொடிது. மலைநாட்டவர் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டிய முதற் பாடம் இதுவே.

இந்நோய்க்குரிய மருந்தின் கதையிலும் மலைநாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கொயினா எடுக்கப்பட்டது. அம்மரத்தை இலங்கையிலே வளர்த்துப் பார்ப்பதற்காகவே நுவரெலியாவை அடுத்த ஹக்கலையில் 1861ஆம் ஆண்டு ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. இன்று விடுமுறை நாட்களில் மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று பூக்களைக் கண்டு களிக்கும் ஹக்கலைப் பூங்காவின் தொடக்கம் அதுவே. கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தபோது, தோட்டத் துரைமார் பலர் தேயிலையோடு சின்கோனாவையும் நட்டனர். அளவுக்கு மிஞ்சிப் பட்டை ஏற்றுமதியாகவே 1880ஆம் ஆண்டுகளில் விலை வீழ்ந்தது. சின்கோனா மறைந்தது, தேயிலை நிலைத்தது. காய்ச்சல் அற்ற மலையிலே காய்ச்சலுக்கு மருந்து விளைந்தது என்பது இவ்வூரின் வரலாற்றில் ஒரு வியப்பு.

பின்னர் வந்த வெற்றியும் தோல்வியும் நினைவில் வைக்கத்தக்கவை. 1940ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து வீடு வீடாக டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்தது என்று யாவரும் எண்ணினர், விழிப்புத் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. அதன் பின் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. இது நாடு பெற்ற பெரும்பேறு. ஆனால் பதினேழு ஐந்து இலட்சமான கதையை மறந்தால் இப்பேறும் நில்லாது.

உலகில் மலேரியா ஒழிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 26 கோடியே 30 இலட்சம் பேர் இந்நோயுற்றனர் என்றும், 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் மாண்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் ஆபிரிக்க மக்கள். இலங்கையில் இன்று கண்டறியப்படும் நோயாளர் வெளிநாடு சென்று நோயோடு திரும்பியவர்களும், நோயோடு இங்கு வந்திறங்கிய பிறநாட்டவருமே. இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்க நாடுகளிலிருந்துமே அவர்களுட் பலர் வருகின்றனர்.

மலைநாட்டிலிருந்து யார் இத்தேசங்களுக்குச் செல்கின்றனர் என்று சிலர் வினவலாம். கொழுந்து பறித்த தாயின் பிள்ளைகள் இன்று படித்துப் பல துறைகளிலும் புகுந்துள்ளனர். தேயிலைத் தொழிலைக் கற்றவருக்குக் கென்யா, உகண்டா, தன்சானியா, ருவாண்டா முதலிய நாடுகளின் தோட்டங்களில் வேலை உண்டு. தையற் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் துறையிலும் பணிபுரிய ஆபிரிக்கா செல்வோரும் உளர். தலயாத்திரையாகவும் உறவினரைக் காணவும் இந்தியா செல்வோர் தொகை சொல்லி முடியாது. அதே வேளையில், வெளிநாடு செல்வோர் யாவரும் மாத்திரை உண்ண வேண்டும் என்பதும் தவறு. ஐக்கிய அரபு இராச்சியம் 2007ஆம் ஆண்டிலும், மாலைதீவு 2015ஆம் ஆண்டிலும் மலேரியா அற்றவை என்று சான்று பெற்றன. அத்தகைய நாடுகளுக்குச் செல்வோருக்கு இம்மாத்திரை வேண்டியதில்லை. இந்தியாவிலும் இடத்துக்கு இடம் நிலைமை வேறுபடும். சென்னையில் சில நாள் தங்குவதும், அசாமியக் காட்டை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் மாதக்கணக்கில் பணியாற்றுவதும் ஒன்றல்ல. ஆகவே செல்லும் நாட்டை மட்டுமன்றித் தங்கும் ஊரையும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இங்குதான் மலை மக்களை மயக்கும் எண்ணம் ஒன்று குறுக்கிடுகிறது. கென்யாவிலே கெரிச்சோ என்னும் ஊர் தேயிலைக்குப் பேர்பெற்றது. ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில் உள்ள அம்மலைநாட்டைக் காணும் ஹட்டன்வாசி தன் ஊருக்கே வந்துவிட்டதாக எண்ணுவார். அதே பச்சை, அதே குளிர், அதே கொழுந்துக் கூடை. நுவரெலியாவில் இல்லாத நோய் இங்கு மட்டும் எவ்வாறு வரும் என்று அவருக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கெரிச்சோத் தோட்டங்களிலேயே 1990ஆம் ஆண்டுகளில் மலேரியா மீண்டும் மீண்டும் பரவியதையும், தோட்டத்து ஆஸ்பத்திரிகள் நோயாளரால் நிறைந்ததையும் ஆராய்ச்சியாளர் பலர் எழுதியுள்ளனர். மலையடிவாரத்துக்கு அப்பால் விக்டோரியா ஏரிக்கரை இருக்கிறது. அப்பகுதியில் மலேரியா மிகக் கடுமையானது. தோட்டத் தொழிலாளர் விடுமுறைக்கு அங்கு சென்று திரும்புகின்றனர். ஆபிரிக்க நுளம்பும் இலங்கை நுளம்பைவிட நோய் பரப்புவதில் வல்லமை மிக்கது. ஆகவே உயரத்தை நம்பி மருந்தைக் கைவிடுதல் பேதைமையாகும். பணிக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒரே ஓர் இரவு ஏரிக்கரைக்கு இறங்கிச் சென்றாலும் போதும்; நுளம்புக்கு அது நிறைந்த அவகாசம்.

அடுத்து, இம்மாத்திரை உடலிலே யாது செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். அது நுளம்பைக் கடியாமற் செய்வதில்லை. கிருமி உடலுட் புகுவதையும் தடுப்பதில்லை. நுளம்பு செலுத்திய கிருமி முதலில் ஈரலிலே தங்கிப் பெருகுகிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ கழிந்த பின் குருதிக்குள் இறங்கிச் செவ்வணுக்களைத் தாக்குகிறது. அப்போதுதான் நடுக்கமும் காய்ச்சலும் தோன்றுகின்றன. தடை மாத்திரைகளுட் பெரும்பாலானவை கிருமி குருதிக்குள் இறங்கும்போது அதனை அழிப்பவை. ஆகவே கிருமி இறங்கும் வேளையில் மருந்து ஏற்கெனவே குருதியில் இருத்தல் வேண்டும். பயணத்துக்கு முன்பே ஏன் தொடங்க வேண்டும், திரும்பிய பின்பும் ஏன் தொடர வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கும் விடை இதில் அடங்கியுள்ளது.

மாத்திரைகள் பல வகை. வாரம் ஒரு முறை உண்ணப்படும் மெஃப்லோகுயின் ஒன்று. அதனைப் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் தொடங்கி, திரும்பிய பின்னும் நான்கு வாரங்கள் உண்ண வேண்டும். சிலருக்கு அது கொடுங்கனவையும் மனக்கலக்கத்தையும் உண்டாக்கும். வலிப்பு நோய் உள்ளவரும் மனநோய்க்கு ஆளானவரும் அதனை உண்ணலாகாது. முன்கூட்டியே தொடங்குவதில் மற்றொரு நன்மையும் உண்டு. உடம்புக்கு ஒவ்வாவிடின் வீட்டில் இருக்கும்போதே அது தெரிந்துவிடும். மருத்துவரிடம் கூறி வேறு மருந்து பெறலாம். நாள்தோறும் உண்ணப்படும் டொக்சிசைக்கிளின் இன்னொன்று. புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கினால் போதும். ஆனால் திரும்பிய பின் நான்கு வாரம் இதற்கும் உண்டு. இதனை நிறைய நீருடன் உண்ண வேண்டும், உண்டவுடன் படுக்கலாகாது. வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிப்போகும். கருவுற்ற பெண்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது. அற்றோவாகுவோனும் புரோகுவானிலும் சேர்ந்த மாத்திரை மூன்றாவது. இதுவும் நாள்தோறும் உணவோடு உண்ணத்தக்கது. இது ஈரலிலுள்ள கிருமியையும் தாக்குவதால் திரும்பிய பின் ஏழு நாள் உண்டால் போதும்.

பழைய தலைமுறையினர் அறிந்த குளோரோகுயினைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். வன்னியிலோ அநுராதபுரத்திலோ வாழ்ந்த உறவினர் வீட்டில் அக்கசப்பு மாத்திரையை உண்ட நினைவு பலருக்கு இருக்கலாம். மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும் வகை மலேரியாக் கிருமி, அம்மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பல நாடுகளில் எப்போதோ பெற்றுவிட்டது. இலங்கையிலேயே 1984ஆம் ஆண்டில் அத்தகைய எதிர்ப்புக் கண்டறியப்பட்டது. ஆபிரிக்காவிலே அதனை நம்புதல் இயலாது. எனவே அலுமாரியிற் கிடக்கும் பழைய மாத்திரையை எடுத்துச் செல்வதோ, அயலவர் தந்ததை வாங்கிச் செல்வதோ தகாது. எந்த நாட்டுக்கு எம்மருந்து, எவ்வுடம்புக்கு எம்மருந்து என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

மருந்தைப் பெறுவது கடினமன்று. 1911ஆம் ஆண்டு குருநாகலில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக, சுகாதார அமைச்சின் மலேரியா தடுப்பு இயக்கம் இன்று கொழும்பு நாரஹேன்பிட்டியில் தலைமையகம் கொண்டு இயங்குகிறது. நோயுள்ள நாடுகளுக்குச் செல்லும் பயணிகளுக்கு அவ்வியக்கம் தடை மாத்திரையை இலவசமாகவே வழங்குகிறது. வீட்டுக்கு அருகிலே எங்கு பெறலாம் என்பதைப் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் கேட்டறியலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் உள்ளவரும் வழிகாட்டக்கூடும். பயணத் தேதி, செல்லும் ஊர், தங்கும் காலம், உடலில் உள்ள பிற நோய்கள், உண்டுவரும் பிற மருந்துகள், பெண்ணாயின் கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மறையாது சொல்ல வேண்டும்.

ஆனால் ஹட்டனிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ புகையிரதம் ஏறிக் கொழும்பு சென்று மீள ஒரு நாள் முழுவதும் கழியும். தோட்டத்து வழக்கிற் சொன்னால், அன்றைக்கு ஒரு பேர் போய்விடும். அதனால்தான் பலர் விமானம் ஏறும் நாளிலே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றனர். அந்நாளிலோ பெட்டியும் பத்திரமும் உற்றார் கண்ணீருமாகப் பொழுது போய்விடும். மருந்து மறந்துபோகும். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் கொழும்பு செல்லும் பயணங்களுள் ஒன்றிலேயே இவ்வேலையையும் முடித்துக்கொள்ளுதல் விவேகம். திடீரெனப் புறப்பட நேர்ந்தவரும் காலம் தப்பிற்றென்று கைவிட வேண்டியதில்லை. ஓரிரு நாள் முன்னதாகத் தொடங்கத்தக்க மருந்தும் உண்டன்றோ?

இன்னொரு குழப்பத்தையும் நீக்குதல் நன்று. சில ஆபிரிக்க நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சட் காய்ச்சலுக்கு ஊசி ஏற்றிக்கொண்டு மஞ்சள் நிறச் சான்றிதழ் பெற வேண்டும். அச்சான்றிதழைப் பெற்றவர் சிலர், எல்லாக் காய்ச்சலுக்கும் காப்புக் கிடைத்துவிட்டதென்று எண்ணி விடுகின்றனர். மஞ்சட் காய்ச்சல் வேறு, மலேரியா வேறு. மலேரியாவுக்கு 2021ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் நோயுள்ள நாடுகளில் வாழும் குழந்தைகளுக்கு உரியவை. பயணம் செல்லும் பெரியவருக்கு மாத்திரையே காப்பு.

எத்தனை மாத்திரை வாங்குவது என்பதிலும் கணக்குத் தவறலாகாது. எட்டு வாரம் கென்யாவில் தங்குபவர் வாரத்துக்கு ஒன்றாக எட்டுப் போதும் என்று எண்ணுவார். முன்னே இரண்டு, பின்னே நான்கு சேர்த்துப் பதினான்குக்குக் குறையாமல் அவருக்கு வேண்டும். குறைவதை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று செல்வதும் ஆபத்து. போலி மலேரியா மருந்துகள் பல நாட்டுச் சந்தைகளில் உலவுகின்றன. வார மாத்திரை உண்பவர் ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுதல் நலம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் செல்லும் வழக்கமுள்ளவர் அந்நாளையே மாத்திரைக்கும் உரிய நாளாக்கிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசுவோரும் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, மாத்திரை சாப்பிட்டாயா என்றும் கேட்கலாம்.

மாத்திரை உண்டவருக்கும் நோய் அரிதாக வரக்கூடும். ஆகையால் மாத்திரையோடு நுளம்புக் கடிக்கும் காவல் வேண்டும். மலேரியா நுளம்பு அந்தி தொடங்கி விடியும் வரையிலும் கடிப்பது. மாலையானதும் கைகால்களை மூடும் உடை அணிதல், மேனியில் நுளம்பு விரட்டி பூசுதல், மருந்து தோய்த்த நுளம்பு வலைக்குள் உறங்குதல் ஆகியவை மாத்திரைக்குத் துணை.

இனி, திரும்பி வந்தபின் நேரும் தவறு. ஊர் வந்து சேர்ந்தவருக்கு விருந்தும் உபசாரமும் நடக்கும். பெட்டி பரணில் ஏறும். எஞ்சிய மாத்திரையும் அதனோடு ஏறும். இங்கே நுளம்புக் காய்ச்சல் இல்லையே, இனி எதற்கு என்று தோன்றும். கடைசி இரவில் கடித்த நுளம்பு விட்ட கிருமி அவர் ஈரலிலே காத்திருப்பதை அவர் அறியார். அந்த நான்கு வாரத்து மாத்திரை அந்தக் கடைசி இரவுக்கே உரியது.

அவ்வாறு உண்டபின்பும், மலேரியா நாட்டிலிருந்து வந்தவருக்கு ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலை செல்ல வேண்டும். சென்றதும் முதற் சொல்லாகத் தாம் எந்நாட்டிலிருந்து வந்தவர் என்பதைக் கூற வேண்டும். காய்ச்சல், தலைவலி, மேல்வலி என்றால் இன்று மருத்துவர் முதலில் டெங்குவையே ஐயுறுவர். மலேரியா நோயாளரைக் கண்ணாற் காணாத இளம் மருத்துவர் பலர் உளர். அது நாடு பெற்ற வெற்றியின் விளைவு, அவர்கள் குற்றமன்று. ஆனால் கொடிய வகை மலேரியா, உரிய சிகிச்சையின்றேல் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பயணத்தைப் பற்றிய ஒரு சொல்லும் அதைத் தொடரும் ஒரு துளிக் குருதியின் பரிசோதனையும் உயிரைக் காக்கும். நோய் ஈரலிலே பல மாதம் உறங்கிப் பின் எழும் வகையும் உண்டு. அதற்கு வேறு மருந்து தேவை.

இது தனியொருவர் நலம் மாத்திரமன்று. நோயோடு திரும்பியவர் நுவரெலியாவில் இருக்கும் வரை பிறருக்குத் தொற்றுவது அரிது. அவர் வவுனியாவிலோ மொனராகலையிலோ உள்ள சுற்றத்தாரைக் காணச் சென்றால், அங்குள்ள நுளம்பு அவரிடமிருந்து நோயை ஏற்றுப் பரப்பக்கூடும். வெளியிலிருந்து வந்த ஒருவரின் நோய் இங்குள்ள ஒருவருக்குத் தொற்றியது 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டறியப்பட்டது. உடனே கண்டறிந்தமையால் அது பரவாமற் போயிற்று. மேலும் 2016ஆம் ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகி நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டீபன்சை என்னும் நுளம்பு மன்னாரிலே காணப்பட்டது. மலைநாட்டு மக்களின் முன்னோர் கரையிறங்கிய அதே மன்னார் அது.

அம்முன்னோர் நோயை எதிர்கொள்ளக் கையில் ஒன்றுமின்றி நடந்தனர். அவர்களின் வழிவந்தோருக்குப் பட்டினமும் பாதையும் திறந்துள்ளன. மருந்தும் விலையின்றிக் கிடைக்கிறது. பயணம் செல்வோர் அதனை உரிய காலத்திற் பெற்று, ஒழுங்காக உண்டு, கடைசி மாத்திரையைத் தம் வீட்டிலே உண்டு முடிப்பாராக. வீட்டிலுள்ளோர் அதனை நினைவூட்டுவாராக.